சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார் வேண்டும்

வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. பழைய சப்பைச் செங்கல், சுண்ணாம்புக் காரை. எண்பது வருடம் அசையாமல் நின்ற சுவர். ஆறு வருடத்துக்கு முன் அடிச்சுவரில் காரை உதிர்கிறதே என்று இடுப்பு உயரத்துக்கு சிமெண்ட் பூசினேன். அதற்கு அம்மாவிடம் இன்னும் திட்டு வாங்குகிறேன்.

இப்போது அந்தப் பூச்சுக்கு மேலே ஒரு முழம் ஓதம் (ஈரக்கசிவு) ஏறி, உப்புப் பூத்திருக்கிறது. தட்டினால் டொப்பென்று சத்தம். ஓரிடத்தில் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே செங்கல் மாவாக உதிர்கிறது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. உள்ளூர்க் கொத்தனாரோ, “வாட்டர்ப்ரூஃப் கலந்து மறுபடி சிமெண்டே பூசிடலாம் சார்” என்கிறார். எனக்கு மனம் வரவில்லை.

சிமெண்டை உரித்த பிறகு சுவரை எத்தனை நாள் காயவிட வேண்டும்? பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்தால் போதுமா? பழைய அளவு சப்பைக்கல் எங்கே கிடைக்கும்? அப்புறம், நீற்றிய சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசத் தெரிந்தவர் தஞ்சாவூர், காரைக்குடிப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும்.