பழைய ஃபோர் வீல் வாங்கியதும் முதல் காசை எங்கே போட்டீர்கள்?

நான் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் 2003 ஆம் ஆண்டு சுசுகி ஜிம்னி ஜீப் ஒன்று வாங்கினேன். பல வருட ஆசை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. 2025 இல் இறக்குமதி திறந்த பிறகும் நான் காத்திருந்த அளவுக்கு இறங்கவில்லை. ஆகவே வண்டியை எடுத்தபின் கையில் மிஞ்சியது கொஞ்சக் காசு. அதை எதில் போட்டேன் என்று எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். இப்போதுதான் வாங்கப்போகிறவர்களுக்கு உதவும்.

என் மனதில் இருந்த பட்டியல் வேறு. கூரையில் சாமான் வைக்கும் ரக், முன்னால் எல்ஈடி விளக்குப் பார், வண்டியை உயர்த்த இரண்டு அங்குல லிஃப்ட், என்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் ஸ்நோர்க்கல் குழாய். தெஹிவளையில் ஜீப் வேலை மட்டுமே செய்கிற ஒரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். அறுபதைத் தாண்டியவர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, முதல்ல எல்லா ஒயிலையும் இறக்கிப் பாப்பம்" என்றார்.

என்ஜின் ஒயில் கறுப்பு, பரவாயில்லை. கியர்பொக்ஸும் பரவாயில்லை. பின் டிஃப்பின் (அச்சின் நடுவில், விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) அடிப்பூட்டைக் கழற்றியதும் வந்தது அசல் பால் தேத்தண்ணி நிறம். தண்ணீர் கலந்த ஒயில் அப்படித்தான் இருக்குமாம். விற்றவர் இந்த வண்டியை ஆற்றிலோ வெள்ளத்திலோ இறக்கியிருக்கிறார், பிறகு ஒயிலைத் திறந்து பார்க்கவே இல்லை.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று பாஸ் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு இது புதிதாக இருந்தது. ஓடி வந்த வண்டியின் டிஃப் சூடாக இருக்கும். அதைக் குளிர்ந்த நீரில் இறக்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்றின் இடத்தை நிரப்ப வெளியே இருந்து ஏதாவது உள்ளே வரவேண்டும். அச்சின் மேல் மூச்சுவிட ஒரு சின்னப் பிரீதர் இருக்கிறது. அது சேறடைத்துக் கிடந்தாலோ நீருக்குள் மூழ்கினாலோ, சீல் வழியாகவோ அந்தப் பிரீதர் வழியாகவோ தண்ணீரையே உறிஞ்சிவிடும். அதற்குப் பரிகாரம் ஒரு ரப்பர் குழாய். பிரீதர் வாயில் மாட்டி, என்ஜின் அறையின் மேல்மட்டம் வரை கொண்டுபோய்க் கட்டிவிடுவது. பஞ்சிகாவத்தையில் குழாயும் கிளிப்பும் வாங்கினேன். நான் விலை கேட்டு வைத்திருந்த எல்ஈடி பாரோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை. புது ஒயில் ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி இறக்கினோம். இரண்டாம் முறையும் கொஞ்சம் வெளுத்துத்தான் வந்தது. மூன்றாம் முறை ஊற்றியதுதான் இப்போது ஓடுகிறது.

அடுத்தது, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் என்று நம்பி வாங்கிய வண்டி உண்மையில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ வீலாக இருந்தது. லீவரைப் போட்டால் டாஷ்போர்டில் விளக்கு எரிந்தது, அதோடு நான் திருப்திப்பட்டுவிட்டேன். பாஸ் வண்டியை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஃபோர் வீலைப் போட்டுவிட்டு ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜக் போட்டுத் தூக்கினார். பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்கவேண்டிய சக்கரம் கையால் தள்ளியதும் தாராளமாகச் சுழன்றது. இந்த ஜிம்னிகளில் முன் ஹப்புகளை, அதாவது சக்கரத்தை அச்சோடு இணைக்கும் நடுப்பகுதிகளை, பூட்டுவது வெற்றிட அழுத்தம். இருபது வருடத்தில் குழாய் வெடிக்கும், சீல் கசியும். ஹப் பூட்டாது, விளக்கு மட்டும் எரியும். அவற்றைக் கழற்றிவிட்டு, கையால் திருப்பிப் பூட்டும் ஹப் போட்டோம். இறங்கித் திருப்பவேண்டும், உண்மைதான். ஆனால் பூட்டியது கண்ணுக்குத் தெரிகிறது.

டயரைப் பற்றி ஒன்று. பூ (தேயும் மேல்வரிகள்) நிறைய இருக்கிறது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். பக்கச்சுவரில் டொட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். என்னுடையதில் 1114. அதாவது 2014 ஆம் ஆண்டின் 11 ஆவது வாரம் செய்த டயர். வால்வடியில் நகத்தால் அழுத்தினால் வெடிப்புத் தெரிந்தது. 205/70ஆர்15 இருந்த இடத்தில் 215/75ஆர்15 ஆல் டெரெய்ன் (தார் ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்) போட்டேன். லிஃப்ட் இல்லாமலே பொருந்திவிட்டது. வண்டி ஏறக்குறைய 18 மில்லிமீற்றர் உயர்ந்தது. வேகமானி இப்போது ஐந்து வீதம் குறைவாகக் காட்டும், அதை நினைவில் வைத்து ஓட்டுகிறேன்.

கூரை ரக்கும் ஸ்நோர்க்கலும் இன்னும் வாங்கவில்லை. காசு முடிந்துவிட்டது. ஆனால் எனக்கு அதில் வருத்தம் இல்லை.

*

கொட்டாஞ்சேனையிலிருந்து, பஜேரோ:

அண்ணா, ஹப் விஷயம் நல்ல வேளை எழுதினீர்கள். நான் வேறு ஒன்றைச் சொல்கிறேன். கயிறு.

அப்பாவின் பஜேரோவை நான் ஓட்டத் தொடங்கிய வருடம் கற்பிட்டிக்குப் போனோம். கடற்கரை மணலில் டயரில் காற்றைக் குறைக்காமலே இறங்கிவிட்டேன். முப்பத்தைந்து பிஎஸ்ஐ. ஐம்பது மீற்றர் கூடப் போகவில்லை, அச்சு வரை புதைந்தது. உதவிக்கு வந்தவர் நல்ல மனசோடுதான் வந்தார். தன் கெப் வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்ட இருந்த இரும்புக் குண்டில், அதாவது டோ போலில், நைலோன் கயிற்றைக் கொளுவி, தளர விட்டு, வேகமாக எடுத்து இழுத்தார். இரண்டாவது இழுப்பில் அந்த இரும்புக் குண்டு முறிந்தது. என் வண்டியின் முன்கண்ணாடியின் வலது மூலையில் புகுந்து, பின் இருக்கையில் கிடந்தது. அம்மாவும் தம்பியும் அந்த இருக்கையிலிருந்து இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

டோ போல் டிரெய்லரைச் சீராக இழுப்பதற்கு மட்டும்தான். திடீரென்று விழும் இழுப்பைத் தாங்க அதைச் செய்யவில்லை. அதேபோல வண்டிக்கு அடியில் வளையமாகச் சில கொக்கிகள் இருக்கும். கப்பலில் வரும்போது வண்டியைக் கட்டி வைக்கப் போட்டவை அவை. பலரும் அதில்தான் கயிற்றைக் கொளுவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஷசியில் போல்ட் போட்டுப் பொருத்தும், பாரம் குறித்த மீட்புக் கொக்கி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கயிற்றைக் கொக்கியோடு பூட்டும் இரும்பு வளையம், 4.75 டன் என்று உடம்பிலேயே பொறித்த ஷக்கிள், இரண்டு. ஒன்றும் பொறிக்காத ஷக்கிள் எவ்வளவு பருமனாக இருந்தாலும் நான் தொடமாட்டேன். இழுபடும் கைனெடிக் கயிறு ஒன்று. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கோ கனமான துணியோ போட்டுவிடுவேன். சுற்றி நிற்கிறவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிற்கச் சொல்வேன். பல தடவை கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

இதை எல்லாம் எழுதினாலும், அன்றைக்குக் கயிறே தேவைப்பட்டிருக்காது. காற்றை 16 பிஎஸ்ஐக்கு இறக்கி, ஒரு மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் வழி வெட்டியிருந்தால் தானாகவே ஏறியிருக்கும். இப்போது காற்றளக்கும் மானியும் சின்னக் கொம்பிரசரும் எப்போதும் வண்டியில். சிகரட் லைட்டர் துளையில் செருகுவதை வாங்காதீர்கள், பாதியில் ஃபியூஸ் போய்விடும். நேரே பற்றரியில் கவ்வுகிற மாதிரி வாங்குங்கள். தார் ரோட்டுக்கு ஏறுமுன் காற்றை நிரப்பிவிடவும் வேண்டும்.

*

வெல்லம்பிட்டியிலிருந்து, பழைய மிட்சுபிஷி ஜீப்:

தம்பி, பால் தேத்தண்ணி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் 2016 மே மாதம் ஞாபகம் வந்தது. களனி கங்கை பெருகி எங்கள் பக்கம், கொலன்னாவை எல்லாம் மூழ்கிய நேரம். என் ஜீப் உயரம், டீசல், கம்பியூட்டர் ஒன்றும் இல்லை. பள்ளிவாசலில் சமைத்த சாப்பாட்டுப் பார்சல்களை ஏற்றிக்கொண்டு மூன்று நாள் ஓடினேன்.

ஸ்நோர்க்கல் இல்லை. எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். என்ஜினுக்குள் தண்ணீர் போனால், தண்ணீரை அழுத்த முடியாமல், பிஸ்டனைத் தள்ளும் கொனெக்டிங் ரொட் வளைந்துபோகும், அதைத் தடுக்க ஸ்நோர்க்கல் நல்லதுதான். ஆனால் அந்த ஆழத்தில் ரோட்டே தெரியாது. மெயின்ஹோல் மூடி கழன்றிருக்கும், வடிகான் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நான் செய்தது இதுதான்: என் மச்சான் நீண்ட கம்போடு முன்னால் நடப்பான், அவனுடைய முழங்கால் நனையும் வரை நான் போவேன். அதற்கு மேல் வந்தால் நிறுத்திவிடுவேன், அதற்கு அப்பால் படகுக்காரர்களின் வேலை. முதல் கியரில், நிறுத்தாமல், மெதுவாக. வேகமாகப் போனால் உங்கள் அலை பக்கத்து வீட்டுக்குள் போகும், அதையும் யோசிக்கவேண்டும்.

தண்ணீர் வடிந்த மறுநாளே எல்லா ஒயிலையும் இறக்கினேன். முன் டிஃப் மட்டும் வெளுத்திருந்தது. சக்கர பெயரிங்குகளையும் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்தேன். அதைச் செய்யாத இரண்டு பேரின் வண்டிகள் அந்த வருடம் முடியுமுன் பெயரிங் சத்தத்தோடு கராஜில் நின்றன.

இன்னொன்று, முன்னால் விளக்கு மாட்டுவதைப் பற்றி. 2025 ஜனவரியில் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் கூடுதலாகப் பொருத்தியிருந்த சாமான்களைப் பொலிஸார் கழற்ற வைத்தது எல்லோருக்கும் தெரியும். எல்ஈடி பாருக்குக் காசைக் கட்டுமுன் அதை யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல தலை டோர்ச்சும், முதலுதவிப் பெட்டியும், தீயணைப்பானும் அதைவிட மலிவு. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தையும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், காட்டுப் பக்கம் சிக்னல் கிடைக்கும் கடைசி இடம் எது என்றும் பார்த்து வையுங்கள்.

*

வெள்ளவத்தையிலிருந்து மறுபடியும்:

நானா, தங்கச்சி, இருவருக்கும் நன்றி. தங்கச்சி எழுதியதைப் படித்த அன்றிரவே டோர்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். நான் இழுவைக் கொக்கி என்று நினைத்திருந்தது கட்டிவைக்கும் வளையம்தான். ஷசியில் போல்ட் துளைகளை அளந்துகொண்டு போய், மீட்புக் கொக்கிகள் செய்யக் கொடுக்காமல், பாரம் பொறித்த தயார் சோடி ஒன்றையே வாங்கினேன். அடியில் படுத்திருந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்தில் துரு. ஸ்குரூட்ரைவரால் குத்திப் பார்த்தேன், மேல்தோல்தான், உள்ளே இரும்பு கெட்டி. மரைன் டிரைவ் பக்கம் நிறுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்புக்காற்றுக்குக் கதவும் ஒன்றுதான், ஷசியும் ஒன்றுதான்.

போன வாரம் மீமுரே மலைக்கிராமத்துக்குப் போய்வந்தோம். ஹுன்னஸ்கிரியவில் திரும்பி, கோர்பெட்ஸ் கெப் கணவாயைத் தாண்டி இறங்கும்போது நல்ல மழை. ரோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் ஓடிய இரண்டு இடத்தில் இறங்கி நடந்து பார்த்துவிட்டுத்தான் போனேன். கயிற்றை வெளியே எடுக்கவே தேவை வரவில்லை. நேற்றுப் பாஸிடம் போய்ப் பின் டிஃப்பைத் திறக்கச் சொன்னேன். வந்த ஒயிலை அவர் விரலில் தொட்டு வெளிச்சத்தில் காட்டினார். தேன் நிறம். "சரி, இனி ரக் அடிப்பம்" என்றார்.