ஃபிஃப்த் வீலோடு ஐ-70: டீசல் எங்கே போடுவது, எந்த லேனில் போடுவது?

மலைவழி (கேள்வி)

கொலராடோவின் டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையைப் பிடித்து யூட்டாவில் சலைனா வரை போக வேண்டும். டிரக் ஒரு டன் டூயலி (பின்னால் இரட்டைச் சக்கரம்), டேங்க் 36 கேலன். டிரக் பெட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் 14,000 பவுண்டு, மேலே உள்ள ஏசியோடு உயரம் 13 அடி 4 அங்குலம். டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்தால் 60 அடி. இழுக்கும்போது கேலனுக்கு 9 மைல் கிடைக்கிறது. எங்கெங்கே நின்று டீசல் போடலாம்? இந்த நீளத்தைக் கார் பம்புக்குள் நுழைக்க முடியுமா, இல்லை லாரி லேனுக்கே போய்விட வேண்டுமா? லாரி லேனில் இதுவரை போட்டதில்லை.

அளவுகோல்

36 கேலனையும் கணக்கில் சேர்க்காதீர்கள். முக்கால் டேங்க், அதாவது 27 கேலன்தான் கைச்செலவுக்கு. 9 மைல் வீதம் 243 மைல் வரும். ஏற்றத்திலோ எதிர்க்காற்றிலோ மைலேஜ் 7க்கு இறங்கினால் அதே 27 கேலன் 189 மைலோடு முடிந்துவிடும். டேஷ்போர்டு காட்டும் மீதித் தூரத்தை நம்பவே வேண்டாம். அது பழைய சராசரியை வைத்துச் சொல்வது. டிரெய்லரை மாட்டிய பிறகும் கொஞ்ச நேரம் வெறும் டிரக்கின் மைலேஜையே சொல்லிக்கொண்டிருக்கும்.

டென்வரில் முதல் நாள் மாலை, டிரெய்லரை மாட்டுவதற்கு முன்பே டேங்கை நிரப்பிவிடுங்கள். வெறும் டிரக் எந்தச் சின்ன பம்பிலும் திரும்பும். கிராண்ட் ஜங்ஷன் ஏறக்குறைய 245 மைல். நடுவில் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல், அதை இறங்கியதும் வேல் பாஸ் கணவாய். முதல் பாதி முழுக்க ஏற்றம்தான். அதனால் 185 மைலில் வரும் ரைஃபிளில் நிரப்புங்கள்.

அடுத்து யூட்டாவின் கிரீன் ரிவர். ரைஃபிளிலிருந்து 157 மைல். அங்கே சேரும்போது அரை டேங்க் இருக்கும், தாண்டிப் போய்விடலாம் என்று தோன்றும். போகாதீர்கள். அங்கிருந்து சலைனா வரை 100 மைலுக்கு மேல் பங்க் கிடையாது. சாலையும் சான் ரஃபேல் மேட்டில் 7,000 அடிக்கு மேல் ஏறுகிறது. கணக்கைப் பாருங்கள்: ரைஃபிள் முதல் கிரீன் ரிவர் வரை 17.5 கேலன், அங்கிருந்து சலைனாவுக்கு 7 மைல் வீதம் 15.5 கேலன். மொத்தம் 33. மிச்சம் 3 கேலன், அதுவும் ஏற்றத்தில் டேங்கின் அடியில் அலைந்துகொண்டிருக்கும். உயர் அழுத்த பம்புக்கு டீசலேதான் மசகு. காற்றை இழுத்தால் பம்ப் உரசி, உலோகத்தூள் இன்ஜெக்டர் வரை போய்விடும். பிறகு பம்பை மட்டும் மாற்றித் தப்ப முடியாது.

இரட்டைச்சக்கரம்

லாரி லேனைப் பற்றி. அங்கே பம்பின் மேல்கூரை உயரமாக இருக்கும், நேராக நுழைந்து நேராக வெளியே வரலாம். அந்த லாரி ஸ்டாப்பில் ஆர்வி (வீட்டு வண்டி) லேன் இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

கார்டைப் போட்டதும் லாரி நம்பர், ஓடோமீட்டர் என்று வரிசையாகக் கேட்கும். சாதாரண கார்டை மெஷின் ஏற்காவிட்டால் உள்ளே ஃபியூல் டெஸ்க்கில் பம்ப் நம்பரைச் சொல்லிப் பணம் கட்டுங்கள். டிராக்டரா ரீஃபரா என்று கேட்டால் டிராக்டர் மட்டும், அதாவது வண்டியை ஓட்டும் இன்ஜினுக்கான டீசல். ரீஃபர் என்பது குளிர்பெட்டி லாரியின் தனி இன்ஜினுக்கு. சில இடங்களில் அதில் வருவது சிவப்புச் சாயம் போட்ட, வரி கட்டாத டீசல். அதை ஊற்றிச் சாலையில் ஓடிப் பிடிபட்டால் 1,000 டாலர் அல்லது கேலனுக்கு 10 டாலர், எது அதிகமோ அது அபராதம். வலப்பக்கம் நிற்கும் சாட்டிலைட் பம்ப் லாரிகளின் இரண்டாவது டேங்குக்கு. உங்களுக்கு வேண்டாம்.

நாசில்தான் பெரிய விஷயம். கார் பம்பைவிடப் பல மடங்கு வேகம். கொக்கியை முழுக்க அழுத்தினால் டீசல் நுரைத்து வாய் வழியாகப் பொங்கி டயர், தரை எல்லாம் வழுக்கும். முதல் படியிலேயே பிடியுங்கள். நுரையால் பட்டென்று நின்றால் அரை நிமிடம் விட்டு மறுபடி அழுத்துங்கள். சில டிரக்குகளின் வாயில் அந்தத் தடித்த நாசில் நுழையாது. பயணத்துக்கு முன்பே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நெடுவழி

லாரி லேனை நானும் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அங்கே வருகிறவர்களுக்கு 14 மணி நேர வேலைக்குள் 11 மணி நேரம்தான் ஓட்ட அனுமதி. உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் கூலியிலிருந்து போகிறது. டீசல் போட்டதும் வண்டியை முன்னால் இருக்கும் கோடு வரை நகர்த்துங்கள். கண்ணாடி துடைப்பது, காபி, கழிவறை எல்லாம் அதற்குப் பிறகு.

கார் பம்புதான் கதி என்றால், சாட்டிலைட் படத்தில் பம்புத் தீவுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பாருங்கள். கடைக்கு இணையாக இருந்தால் ஓரத்துத் தீவில் நேராகப் போய்வரலாம். கடையை நோக்கிக் குத்தாக இருந்தால், கிளம்பும்போது கடைவாசலிலேயே முழுக்க ஒடிக்க வேண்டும். ஃபிஃப்த் வீலின் பின்சக்கரங்கள் திருப்பத்தில் உள்பக்கம் வெட்டி வரும். பம்பைக் காக்க நட்ட இரும்புத் தூண் சரியாக டிரெய்லரின் விலாவில் உரசும். கூரை உயரம் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மலைவழி

மிக்க நன்றி. ரைஃபிள், கிரீன் ரிவர் இரண்டையும் குறித்துக்கொண்டேன். டெஃப் (புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசல்) எங்கே போடுவது? டிரக் பெட்டியில் 50 கேலன் கூடுதல் டேங்க் வைத்தால் இந்தக் கவலையே இருக்காதா?

அளவுகோல்

டெஃப் லாரி லேன் பம்பிலேயே வரும், டப்பாவைவிட மலிவு. நீல மூடி. தவறிப்போய் டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். திருப்பினாலே பம்ப் இழுக்கத் தொடங்கிவிடும். நகர்த்தாமல் டேங்கை வடிக்க ஆள் கூப்பிடுங்கள்.

கூடுதல் டேங்குக்கு முன் எடையைப் பாருங்கள். டீசல் கேலனுக்கு 7 பவுண்டு, ஆக 50 கேலன் 350 பவுண்டு, டேங்கின் எடை தனி. 14,000 பவுண்டு டிரெய்லரில் 20 சதவீதம் டிரக்கோடு மாட்டும் ஹிட்ச் பின்னில் (முளையில்) இறங்கினாலே 2,800 பவுண்டு. கதவு ஓரம் ஒட்டியிருக்கும் பேலோடு (டிரக் தாங்கும் சுமை) எண்ணிலிருந்து இரண்டையும், ஆட்களையும், ஹிட்ச்சையும் கழியுங்கள். மிச்சம் இருந்தால், திருப்பத்தில் டிரெய்லரின் முன்மூக்கு டேங்கில் இடிக்காதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.

இரட்டைச்சக்கரம்

ஒன்று விட்டுப்போயிற்று. ஃப்ரிட்ஜும் வாட்டர் ஹீட்டரும் புரொபேனில் ஓடினால், பம்புக்குள் நுழைவதற்கு முன்பே, சாலையோரம் நிறுத்தியாவது இரண்டையும் அணைத்து சிலிண்டர் வால்வை மூடிவிடுங்கள். பம்பின் பக்கத்தில் நின்றபிறகு அணைப்பது காலம் தாழ்ந்தது.