பாதி உரிந்த ஈக்கு என்ன பெயர்?

அன்பின் நண்பர்களுக்கு,

ட்ரவுட் மீனைப் பிடிக்கத் தூண்டில் முள்ளில் இறகாலும் நூலாலும் கட்டப்படும் பொய்யீக்களுள், நீர்மட்டத்தில் தோலுரிக்கும் பூச்சியைப் போலச் செய்யப்படும் வகைக்கு 'எழும் ஈ' என்ற பெயர் முன்மொழியப்பட்டுள்ளது. ஆங்கிலத்தின் 'எமேஜர்' என்பதற்கு அது நேர்ச்சொல்தான். ஆனால் எழுதல் என்றால் அடியிலிருந்து மேலே வருதல் என்றே திருகோணமலையில் தங்கூசி பிடித்த எவரும் விளங்கிக்கொள்வார். மீனுக்கு வாய்ப்பாவது அந்தப் பயணத்தை விட அதன் முடிவில் நேரும் தடங்கலே.

ஆற்றடியில் வளர்ந்த மேஈ (mayfly) என்ற பூச்சியின் அணங்கு, அதாவது அதன் இளம்பருவம், நீர்மட்டத்துக்கு வந்ததும் அதன் முதுகுத் தோல் வெடிக்கிறது. சிறகு வெளியே வந்தும் வராமலும், வயிறும் வாலும் பழைய தோலுக்குள்ளேயே கிடக்க, மேற்பரப்பிழுவிசை அதனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கோது கழற்றும் நண்டைப் போல அதனால் அந்நேரம் தப்பியோட முடியாது. ட்ரவுட் அவசரமின்றி வந்து, பெரும்பாலும் மூக்கை வெளியே காட்டாமலே அதனை உறிஞ்சிக்கொள்வதால், கரையில் நிற்பவருக்குத் தெரிவது நீரின் சிறு புடைப்பும் சில வேளைகளில் முதுகுச் செட்டையும் மட்டுமே. 1980களில் ஒல்லாந்தரான ஹான்ஸ் வான் கிளிங்கன் உருவாக்கிய 'கிளிங்காமர்' என்ற பொய்யீ இந்த நிலையைத்தான் போலிசெய்கிறது: இறகு வளையம் மட்டத்தில் மிதக்க, வளைந்த உடல் கீழே தொங்கும்.

எனக்கு முதலில் தோன்றிய சொல் 'அரைச்செட்டை'. பாம்பு கழற்றுவதும் செட்டை, பறவையின் சிறகும் செட்டை. இரண்டும் பாதியில் நிற்கும் பூச்சிக்கு வேறென்ன பெயர் வேண்டும் என்று இரண்டு நாள் மகிழ்ந்திருந்தேன். மீனின் துடுப்பும் செட்டைதான் என்பது பிறகே உறைத்தது. மீன்பிடிப்பைப் பற்றி எழுதும்போது அது குழப்பத்தையே தரும்.

அடுத்தது 'உரியீ'. உரித்த, உரிக்கின்ற, உரிக்கும் என்ற மூன்று காலத்தையும் வினைத்தொகை அடக்கிக்கொள்வதால் இலக்கணம் இதற்குத் துணைநிற்கிறது, பூச்சியியல்தான் தடுக்கிறது. இன்றுள்ள பூச்சிகளுள் பறக்கும் சிறகு பெற்ற பின்னும் இன்னொரு முறை தோலுரிப்பது மேஈ மட்டுமே. அந்த இரண்டாம் உரிப்பு பெரும்பாலும் கரையோரச் செடிகளில் நடப்பது. நாம் பெயர் தேடும் நிலையோ நீரில் நிகழ்வது.

ஆகவே 'நீருரி' என்பதை முன்வைக்கிறேன். பொய்யீயைக் குறிக்க 'நீருரிப் பொய்யீ' எனலாம். கிணற்றடித் தொட்டியில் கொசு தன் கூட்டுப்புழுத் தோலைப் பிளந்து நீர்மேல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இச்சொல் உடனே பிடிபடும். மேஈயின் பெயரோடு பிணைக்கப்படாததால் ட்ரவுட் தின்னும் கடியாத சிறுகொசு இனங்களுக்கும் இது பொருந்தும். (மேஈயை 'ஈசல்' என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம், ஈசல் மண்ணிலிருந்து கிளம்பும் கறையான்.) நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் பிடிக்கும் ஒருவர் 'இன்று நீருரிதான் கட்டினேன்' என்று சுருக்கிச் சொன்னாலும் பொருள் கெடாது.