இளையான்குடி தொகுதி எங்கே போனது?

வேளச்சேரிவாசி:

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறியதில் பழைய வாக்காளர் அட்டை ஒன்று கிடைத்தது. லேமினேஷன் ஓரமெல்லாம் பிரிந்து, படத்தில் இருப்பது அப்பத்தாவா பக்கத்து வீட்டுக்காரரா என்றே தெரியாத அளவுக்கு மங்கியிருந்தது. பின்பக்கம் சட்டமன்றத் தொகுதி என்ற இடத்தில் 'இளையான்குடி' என்று இருக்கிறது. எனக்கு விவரம் தெரிந்து நாங்கள் மானாமதுரை தொகுதிதான், 2011இல் என் முதல் ஓட்டும் அங்கேதான். சித்தப்பாவிடம் கேட்டால் "இது தனித் தொகுதியா இருந்துச்சுப்பா, அப்புறம் எடுத்துட்டாங்க" என்பதோடு முடித்துக்கொண்டார். அப்பத்தாவோ, "ஒரே வருசத்துல ரெண்டு தொகுதியில ஓட்டுப் போட்டேன்" என்கிறார். கள்ள ஓட்டா என்று கேட்டதற்கு விளக்குமாற்றைத் தேடினார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓட்டுச்சீட்டு:

அப்பத்தா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, போய் மன்னிப்புக் கேளுங்கள்.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையத்தின் புதிய எல்லைகள் 2008 பிப்ரவரியில் அமலுக்கு வந்தன. அதில் இளையான்குடி கிடையாது, ஊரை மானாமதுரையோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் சட்டசபைக்கு இது பொருந்தாது. அந்தச் சபை கலையும் வரை பழைய தொகுதிகள்தான், நடுவில் இடைத்தேர்தல் வந்தாலும் பழைய எல்லைதான். வேடிக்கை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

2006இல் இளையான்குடியில் திமுக சார்பில் ஜெயித்தவர் ராஜ கண்ணப்பன். 2009இல் பதவியை ராஜினாமா செய்துவிட்டு அதிமுகவுக்குப் போய், சிவகங்கை மக்களவைத் தொகுதியில் ப. சிதம்பரத்தை எதிர்த்து நின்றார். 3,354 ஓட்டில் தோற்றார். அந்த ஓட்டு எண்ணிக்கை நாளைப் பற்றி எங்கள் பக்கத்தில் இன்னும் டீக்கடையில் பேசுவார்கள், அது தனிக் கதை. மக்களவைத் தேர்தல் புதிய எல்லைப்படி நடந்தது, அதனால் 2009 மே 13 அன்று உங்கள் அப்பத்தா ஓட்டுப் போட்டது மானாமதுரை சட்டமன்றப் பகுதி வாக்காளராக. ராஜ கண்ணப்பன் விட்டுப்போன எம்.எல்.ஏ. இடத்துக்கு ஆகஸ்ட் 18இல் இடைத்தேர்தல் வந்தது, அது பழைய எல்லைப்படி. அன்றைக்கு அப்பத்தா மறுபடி இளையான்குடி வாக்காளர். அதே நாளில் கம்பம், பர்கூர், தொண்டாமுத்தூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய ஊர்களிலும் இடைத்தேர்தல் நடந்தது. அந்த நாலும் இன்றுவரை தொகுதியாக இருக்கின்றன. இளையான்குடி மட்டும்தான் சாவு ஓலை வந்த பிறகு கல்யாணம் பண்ணிக்கொண்ட தொகுதி.

ஜெயித்தவர் திமுகவின் சுப. மதியரசன். அவர்தான் கடைசி இளையான்குடி எம்.எல்.ஏ. 2011 வரை, வரைபடத்தில் இல்லாத ஒரு தொகுதிக்காகச் சபையில் உட்கார்ந்திருந்தார்.

பென்ஷன் வாத்தியார்:

அந்த ஆகஸ்ட் இடைத்தேர்தலில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தேர்தல் டியூட்டி. விரலில் மை வைக்கிற வேலை. இடது ஆள்காட்டி விரலை நீட்டச் சொன்னால், பாதிப் பேருக்கு மே மாதத்து மை இன்னும் போகவில்லை. நகம் வளர்ந்து வளர்ந்து நுனிக்கு வந்து, ஒரு மெல்லிய கறுப்புக் கீற்றாக நின்றது. அதற்குக் கீழே புது மையை வைத்தேன். ஒரு பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது மானாமதுரைக்கு, இது இளையான்குடிக்கா சார்?" என்று கேட்டார். அவ்வளவு தெளிவாக எங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில்கூட யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. அதிமுக, மதிமுக, பாமக எல்லாம் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். மிஷின் வைத்த மறைப்புக்குள் போன ஒரு தாத்தா ரொம்ப நேரம் வெளியே வரவே இல்லை. என்னய்யா என்றால், "எலையைக் காணோமே" என்று உள்ளேயிருந்து குரல். நாங்கள் என்ன சொல்ல முடியும், எது இருக்கிறதோ அதில் அமுக்குங்கள் என்றுகூடச் சொல்லக் கூடாதே. அப்புறம் ஒரு வழியாக 'பீப்' கேட்டது.

மிளகாய்க்காடு:

காரணத்தை யாரும் பேச மாட்டேன் என்கிறீர்களே. தெற்கத்தி மாவட்டம் என்றால் இளக்காரம், அதுதான். இளையான்குடி மாற நாயனார் விதைத்த நெல்லை ராத்திரி மழையில் வாரி வந்து அடியாருக்குச் சோறு போட்ட ஊர், பெரியபுராணத்தில் இடம் இருக்கிறது, சட்டசபையில் இடம் இல்லை. தனித் தொகுதியாக இருந்ததால்தான் கேட்க நாதியில்லாமல் எடுத்தார்கள் என்று எங்கள் ஊரில் பேச்சு.

ஓட்டுச்சீட்டு:

அண்ணே, கோபம் சரி, விவரம் தப்பு. இளையான்குடி பொதுத் தொகுதி. மானாமதுரைதான் தனி, அதாவது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது, அது மறுவரையறைக்கு முன்பும் அப்படித்தான். வேளச்சேரிவாசியின் சித்தப்பா "தனித் தொகுதி" என்றது தனியாக ஒரு தொகுதி என்ற அர்த்தத்தில். நம் ஊர்ப் பேச்சில் இந்த ஒரு வார்த்தையால் நடக்கிற குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

காரணம் வெறும் வகுத்தல் கணக்கு. அதுவரை இருந்த எல்லைகள் 1971 கணக்கெடுப்பை வைத்துப் போட்டவை, புதியவை 2001ஐ வைத்து. மொத்தம் 234ஐத் தொட முடியாது. மாநில மக்கள்தொகை சுமார் 6.24 கோடி, 234ஆல் வகுத்தால் தொகுதிக்கு ஏறக்குறைய 2.67 லட்சம். சிவகங்கை மாவட்டத்தில் 11.55 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள், 4.33. அரைக்குக் கீழே, ஆகவே நாலு. ஐந்து தொகுதி இருந்த மாவட்டத்தில் ஒன்று போக வேண்டும், போனது இளையான்குடி. பக்கத்து ராமநாதபுரத்தில் 11.87 லட்சம், 4.45, அங்கே கடலாடி போனது. சென்னைக்கு அதே கணக்கில் 16.29 வந்து, 14 தொகுதி 16 ஆனது. கேள்வி கேட்டவர் குடியிருக்கும் வேளச்சேரி தொகுதி பிறந்ததும் அதே ஆணையில்தான்.

பிழைப்புக்கு சென்னைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போய்க்கொண்டே இருந்த ஊர். ஆள் போன பின்னால் தொகுதியும் போனது.

மிளகாய்க்காடு:

சரி, கணக்கு புரிந்தது, ஆனால் கணக்குப் போட்டவர் மனு எழுதிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதில்லை. இப்போது மதுரை வாசலில் இருக்கிற கீழடியும் நாங்களும் ஒரே தொகுதி. எம்.எல்.ஏ. திருப்புவனத்தைப் பார்ப்பாரா, மானாமதுரையைப் பார்ப்பாரா, கடைக்கோடியில் இருக்கிற எங்களைப் பார்ப்பாரா? அதிலும் 2017இல் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தபோது எங்கள் எம்.எல்.ஏ.வும் அதில் ஒருவர், 2019 ஏப்ரல் இடைத்தேர்தல் வரை கேட்க ஆளே இல்லை. இடைத்தேர்தல் மட்டும் எங்களை விடாமல் துரத்துகிறது.

வேளச்சேரிவாசி:

எல்லோருக்கும் நன்றி. நான் குடியிருக்கிற தொகுதி எங்கள் ஊர்க் கணக்கில் பிறந்தது என்று தெரியாமலேயே இத்தனை நாள் வாடகை கொடுத்திருக்கிறேன்.

அப்பத்தாவிடம் போனில் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஆகஸ்ட்ல போட்டப்பதான் மழை வர்ற மாதிரி இருந்துச்சு, காயப்போட்ட மிளகாயை அள்ளாம ஓடுனேன்" என்றார். அட்டையைத் திரும்பப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறார். வாத்தியார் சார், அந்தப் பெரியம்மா எந்த ஊர் என்று நினைவிருக்கிறதா?