வாசகர் குழுவில் வெளித்தளக் கட்டுரைகளின் லிங்க்: விடலாமா, தடுக்கலாமா?

கரிசல்காடு (கேள்வி):
தமிழ் வாசகர்களுக்கான வாட்ஸ்அப் குழு. நாள் முழுக்க லிங்க்காக வந்து விழுகிறது. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள். சிலர் எழுதியவர் பெயரைக்கூட விட்டுவிட்டு முழுக் கட்டுரையையும் ஒட்டுகிறார்கள். நாளிதழ் பிடிஎஃப்பும் வருகிறது. வெளி லிங்க்கே கூடாது என்கிறது ஒரு கட்சி, அப்புறம் எதைப் பேசுவது என்கிறது இன்னொரு கட்சி. விதியை எப்படி எழுதுவது?

ஏட்டுச்சுவடி:
தடுக்காதீர்கள். லிங்க்கைத் தடுத்தால் ஒட்டுவதுதான் பெருகும். மூலக் கட்டுரையில் பின்னால் திருத்தம் போட்டாலும், ஃபார்வர்டில் ஓடும் பிரதி திருந்தாது.

வெறும் லிங்க்கை மட்டும் தடுங்கள். எழுதியவர், தளம், வெளியான தேதி, அதோடு பகிர்பவர் தன் சொந்த வார்த்தையில் இரண்டு மூன்று வரி. தேதியை விடவே கூடாது. லிங்க் போட்டதும் கீழே தோன்றும் முன்னோட்டப் பெட்டியில் தலைப்பு, படம், தளப் பெயர் எல்லாம் வரும், தேதி மட்டும் வராது. மழைக்காலத்தில் பழைய புயல் செய்தி புதிதுபோல் சுற்றுவது இதனால்தான். இன்னொன்று, பெட்டியில் தெரியும் தலைப்பைத் தளத்துக்காரர் தனியாக எழுதி வைக்கலாம். உள்ளே இருப்பதைவிடக் காரமாகவே இருக்கும். உங்கள் குழுச் சண்டையில் பாதி அந்தப் பெட்டியோடு போடும் சண்டை.

வழக்குமன்றம்:
பிடிஎஃப்பை இன்றே நிறுத்துங்கள். டெலிகிராம் சேனல்களில் தன் மின்னிதழ் பிடிஎஃப் சுற்றியதை எதிர்த்து இந்தி நாளிதழ் தைனிக் ஜாக்ரண் 2020இல் தில்லி உயர் நீதிமன்றம் போனது. சேனல்களை நீக்கவும், நடத்தியவர்களின் விவரத்தைத் தரவும் உத்தரவு வந்தது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்காக மேற்கோள் காட்ட இடம் தருகிறது. ஒரு பத்தியை எடுத்துப் போட்டு அதைப் பற்றிப் பேசினால் அது மேற்கோள். முழுசையும் ஒட்டிவிட்டுக் கீழே 'அருமை' என்று எழுதினால் அது விமர்சனமாகிவிடாது. நாட்டுடைமையான எழுத்தாளரின் படைப்பை முழுதாகவே போடலாம். அதற்கு இன்னொருவர் எழுதிய உரையும் முன்னுரையும் அதில் சேராது. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

திருகாணி:
லிங்க்கைச் சுத்தம் செய்து போடச் சொல்லுங்கள். கேள்விக்குறிக்குப் பின்னால் யுடிஎம் (utm), எஃப்பிகிளிட் (fbclid) என்று தொடங்குபவை யார் எங்கிருந்து வந்தார் என்று பார்க்கும் வேவு வால்கள், வெட்டலாம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டினால் சில வலைப்பூக்களில் கட்டுரை எண்ணே போய்விடும், முகப்புப் பக்கம்தான் திறக்கும். வெட்டிய பிறகு உலாவியின் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சன்னலில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். சந்தாத் தளமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பூட்டியிருந்தால் 'சந்தா வேண்டும்' என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

தமிழ் முகவரிகள் தனித் தொல்லை. இணையத்தில் வழங்கும் யூனிகோடு முறையில் (யுடிஎஃப்-8) ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். லிங்க்கை நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு (%) மூன்று எழுத்தாகும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 எழுத்தாக விரியும். பாதியில் அறுந்தால் பக்கம் திறக்காது. தமிழ் விக்கிப்பீடியாவுக்கு விக்கிமீடியாவின் சொந்த முகவரிச் சுருக்கியைப் பயன்படுத்தலாம். ஊர் பேர் தெரியாத சுருக்கிகள் வேண்டாம்: எங்கே கொண்டுபோகும் என்று தெரியாது, அவை மூடினால் லிங்க்கும் சாகும்.

கரிசல்காடு:
நன்றி. நல்ல கட்டுரைகளைத் தொகுத்து வைக்கிறோம். நாளைக்கு அந்தத் தளமே போய்விட்டால்?

ஏட்டுச்சுவடி:
போகத்தான் செய்யும். இலவச வலைப்பக்கத் தளமான ஜியோசிட்டீஸ் 2009இலும் யாகூ குழுமங்கள் 2020இலும் மூடியபோது தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்தே போயின. தொகுப்பில் சேர்க்கும் அன்றே வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் 'இப்போதே சேமி' (Save Page Now) கட்டத்தில் முகவரியை ஒட்டி, கிடைக்கும் நகலின் முகவரியை மூல லிங்க்குக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள். நகலைத் திறந்தும் பாருங்கள், சில தளங்களில் வெற்றுப் பக்கம்தான் பதிவாகும். யூனிகோடுக்கு முந்தைய பக்கம் புரியாத எழுத்தாக வந்தால் அழிந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். பெரும்பாலும் திஸ்கி அல்லது பாமினி என்ற பழைய எழுத்து முறையாக இருக்கும், எழுத்துரு மாற்றியில் போட்டால் படிக்கலாம்.