இருட்டில் வைத்திருந்த பிளாஸ்டிக் சோலார் செல் திறன் இழப்பது ஏன்?

கயல்: வணக்கம். புராஜெக்டுக்காக பி3எச்டி (ஒளியை உறிஞ்சும் பாலிமர்), பிசிபிஎம் (எலக்ட்ரானை ஏற்கும் ஃபுல்லரீன் சேர்மம்) கலவையில் சோலார் செல் செய்கிறேன். கண்ணாடியில் ஐடிஓ (ஒளி ஊடுருவும் மின்முனை), அதன்மேல் பெடாட்-பிஎஸ்எஸ் (மின்கடத்தும் பாலிமர் அடுக்கு), பிறகு கலவை, கடைசியில் மேல் மின்முனையாகக் கால்சியமும் அலுமினியமும். செய்த அன்று 0.6 வோல்ட், சதுர சென்டிமீட்டருக்கு 9.5 மில்லி ஆம்பியர், ஃபில் ஃபேக்டர் (இந்த வோல்டேஜையும் கரன்ட்டையும் பெருக்கினால் வரும் அளவில் உண்மையில் கிடைக்கும் உச்ச மின்திறனின் சதவீதம்) 62; திறன் 3.5 சதவீதம். குளோவ்பாக்ஸில் (ஈரமும் ஆக்சிஜனும் நீக்கிய பெட்டி) இடமில்லாததால் அலமாரியில், இருட்டில் வைத்தேன். சில நாட்களிலேயே 0.57 வோல்ட், 7.6 மில்லி ஆம்பியர், ஃபில் ஃபேக்டர் 37. திறன் 1.6தான். ஐ-வி (கரன்ட்-வோல்டேஜ்) வளைவும் எஸ் மாதிரி நெளிகிறது. வெளிச்சமே படாமல் பாலிமர் எப்படிக் கெடும்?

மின்முனை: பாலிமர் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்தால்தான் பி3எச்டி வேகமாக வெளுக்கும். உங்களுக்கு வோல்டேஜ் பெரிதாக இறங்கவில்லை, ஃபில் ஃபேக்டர்தான் சரிந்திருக்கிறது. எஸ் வளைவையும் சேர்த்துப் பார்த்தால், சார்ஜ் வெளியேறும் இடத்தில், அதாவது மின்முனை எல்லையில் தடை இருக்கிறது. நான் முதலில் சந்தேகப்படுவது கால்சியத்தை. அலுமினியத்தின் ஊசித்துளைகளிலும் ஓரங்களிலும் ஈரமும் ஆக்சிஜனும் நுழைந்தால் அது சீக்கிரம் ஆக்சைடாகிவிடும். பெடாட்-பிஎஸ்எஸ் வேறு காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளே கடத்தும். அமிலத்தன்மையால் ஐடிஓவையும் அரிக்கும்.

கயல்: நன்றி அண்ணா. இதை எப்படி உறுதி செய்வது?

மின்முனை: பழைய செல்லில் மின்முனை இல்லாத இடத்தில் யுவி-விசிபிள் (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற அளவீடு) எடுங்கள். 500 முதல் 600 நானோமீட்டர் வரையுள்ள உறிஞ்சல் புதிய படலத்தைப் போலவே இருந்தால் பாலிமர் நன்றாக இருக்கிறது. அப்புறம் ஒரு செல்லில் மேல் உலோகத்தை டேப்பால் உரித்துவிட்டுப் புதிதாக ஆவிப்படிவு செய்யுங்கள். திறன் கணிசமாகத் திரும்பினால் கோளாறு அங்கேதான்.

நெய்தல்: கால்சியத்தோடு போராடுவதைவிட அமைப்பைத் தலைகீழாக்குவது நல்லது: ஐடிஓ, துத்தநாக ஆக்சைடு, கலவை, மாலிப்டினம் ஆக்சைடு, வெள்ளி. கால்சியமும் பெடாட்டும் இரண்டுமே போய்விடும், காற்றில் பல மடங்கு தாங்கும். ஒரு எச்சரிக்கை: துத்தநாக ஆக்சைடு செல்லும் முதல் அளவீட்டில் எஸ் வளைவு காட்டலாம். புற ஊதா கலந்த ஒளியில் சிறிது நேரம் வைத்தால் அது நேராகும், பயப்பட வேண்டாம். ஆய்வேட்டில் ஆயுளைப் பற்றி எழுதுவதானால் 2011இல் வெளியான ஐசோஸ் நெறிமுறைப்படி (ஆர்கானிக் சோலார் செல்களின் ஆயுளைச் சோதிக்கும் பொது முறை) எழுதுங்கள். உங்கள் அலமாரிச் சோதனை அதில் ஐசோஸ்-டி-1 வகை, அதாவது இருட்டில் அறைச் சூழலில் வைத்துப் பார்ப்பது. அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் இப்போதிருந்தே குறித்து வையுங்கள்; அவை இல்லாமல் உங்கள் எண்ணை வேறு லேப் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

கயல்: மீதமுள்ள செல்களில் டேப் சோதனையை முதலில் செய்துவிடுகிறேன். துத்தநாக ஆக்சைடை சால்-ஜெல் முறையில் (கரைசலாகப் பூசிச் சூடாக்குவது) பூசினால் எத்தனை டிகிரியில் சுட வேண்டும்?

நெய்தல்: 200 டிகிரி செல்சியஸ் வைத்துத் தொடங்குங்கள். கண்ணாடி அடித்தளம் தாங்கும்.