ஆர்டிஎக்ஸ் 3060 பொருத்திய பிறகும் ஃபிரேம் உயரவில்லை: ரைசன் 3 2200ஜி கணினி, உதவி தேவை

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். 2019-ஆம் ஆண்டு நான் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்த கணினியையே இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். ரைசன் 3 2200ஜி பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஆகியவை அதில் உள்ளன. பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகா 8 கிராபிக்ஸை வைத்துத்தான் இத்தனை நாளும் விளையாடினேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைத்து, சென்ற மாதம் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டை வாங்கிப் பொருத்தினேன்.

சைபர்பங்க் 2077 விளையாட்டில் ஊருக்கு வெளியே பாலைவனத்தில் வண்டி ஓட்டும்போது வினாடிக்கு 60-ஐ ஒட்டி ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) வருகிறது. ஆனால் கூட்டம் நிறைந்த சந்தைப் பகுதிக்குள் நுழைந்தவுடன் 38-க்கு இறங்கி, இரண்டு மூன்று அடிக்கு ஒருமுறை படம் நின்று நின்று நகர்கிறது. செட்டிங்கை ‘ஹை’யிலிருந்து ‘லோ’வுக்கு மாற்றினால் ஒன்றிரண்டு ஃபிரேம்தான் கூடுகிறது. அதே நேரத்தில் கார்டின் பயன்பாடு 50 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இலும் இதே நிலைதான்: இதே கார்டை வைத்திருக்கும் நண்பனுக்கு 200-க்கு மேல் வருகிறது, எனக்கு 90 வருவதே அரிதாக இருக்கிறது.

கார்டு வாங்கிய கடையில் கேட்டபோது, கார்டில் குறை எதுவும் இல்லை என்றும், எஸ்எம்பிஎஸ் போதாததால்தான் கார்டு முழுவேகத்தில் ஓடவில்லை என்றும், 750 வாட்டுக்கு மாற்றும்படியும் சொன்னார்கள். அதற்குப் பணம் செலவழிப்பதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதல் பதில்

தம்பி, எஸ்எம்பிஎஸ்ஸை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3060 அதிகபட்சமாக எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 170 வாட், உங்கள் பிராசசர் 65 வாட் வகையைச் சேர்ந்தது, இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பதும் 550 வாட்தான். மின்சாரம் போதவில்லையென்றால் கார்டு முழுச்சுமையில் ஓடும் வேளையில் கணினி சட்டென்று அணையும் அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகும். உங்கள் கார்டோ பாதிச் சுமையைக்கூடத் தாண்டவில்லை.

நோய் என்ன என்பதற்கான குறி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. செட்டிங்கைக் குறைத்தும் ஃபிரேம் கூடவில்லை என்பதுதான் அது. வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவினாடி மட்டுமே. சந்தையில் நடமாடும் ஒவ்வொருவரும் அடுத்து எங்கே அடி வைக்க வேண்டும், எது எதன்மீது மோதுகிறது, திரையில் எவற்றையெல்லாம் வரைய வேண்டும் என்பதைப் பிராசசர் கணக்கிட்டு, வரைவதற்கான கட்டளைகளைக் கார்டுக்கு அனுப்புகிறது. கார்டு ஒரு ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசசர் அடுத்ததைத் தயார் செய்துகொண்டிருக்கும் என்பதால், இருவரில் எவர் அதிக நேரம் எடுக்கிறாரோ அவருடைய வேகம்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியும் வேகம். உங்களுக்கு 38 ஃபிரேம் வருகிறது என்றால் ஒரு ஃபிரேமுக்கு 26 மில்லிவினாடி ஆகிறது. அதில் ஏறக்குறைய பாதி நேரம் கார்டு கட்டளைக்காகக் காத்திருக்கிறது என்பதைத்தான் அந்த 50 சதவீதம் காட்டுகிறது. நிழலின் தரம், டெக்ஸ்சர் போன்றவற்றைக் குறைத்தால் பெரும்பாலும் கார்டின் வேலைதான் குறையும், பிராசசரின் சுமை குறையாது.

இதை நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். சந்தையில் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்தபடி ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் கூடவில்லையென்றால் பிராசசர் பக்கம்தான் தடை. இன்னொன்றையும் பார்த்துச் சொல்லுங்கள்: ரேம் இரண்டும் எந்தெந்த ஸ்லாட்டில் இருக்கின்றன, டாஸ்க் மேனேஜரில் ரேமின் வேகம் எவ்வளவு காட்டுகிறது?

கேட்டவர்

உடனே பதிலளித்தமைக்கு மிக்க நன்றி, அண்ணா. நீங்கள் சொன்னபடியே சோதித்தேன். 1080-இல் 38, 720-இல் 39. கேபினெட்டைத் திறந்து பார்த்ததில் நான்கு ஸ்லாட்டுகளில் பிராசசருக்கு அருகிலுள்ள முதல் இரண்டில் ரேம் பக்கத்துப் பக்கத்தில் செருகப்பட்டிருக்கிறது. ரேமின் ஸ்டிக்கரில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது, ஆனால் டாஸ்க் மேனேஜர் 2400 என்று காட்டுகிறது. டிஎல்எஸ்எஸ்ஸைப் போட்டுப் பார்த்தேன், அதிலும் மாற்றமில்லை.

முதல் பதிலளித்தவர்

டிஎல்எஸ்எஸ் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கித் தருகிறது. 720-க்கு இறக்கியே பலன் கிடைக்காத இடத்தில் அதனாலும் பலன் கிடைக்காது.

ரேமில் இரண்டு தவறுகள் இருக்கின்றன, இரண்டையும் செலவில்லாமல் சரிசெய்துவிடலாம். பக்கத்துப் பக்கத்தில் செருகியதால் இரண்டும் ஒரே சேனலில் (ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலுள்ள தகவல் பாதை) ஓடுகின்றன. பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில்தான் போட வேண்டும், உங்கள் போர்டின் கையேட்டிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் மதர்போர்டு மென்பொருள்) சென்று, ரேமை அதில் அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி புரொஃபைலை இயக்குங்கள். 2200ஜி அதிகாரபூர்வமாக 2933 வரைதான் தாங்கும் என்பதால், 3200-இல் தடுமாறினால் 2933-இல் நிறுத்திவிடுங்கள்.

இது ஓரளவுக்குத்தான் உதவும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2200ஜி 2018-இல் வந்த பிராசசர். நான்கு கோர் (கணக்கிடும் பகுதி), நான்கே திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). ஒரே சில்லுக்குள் கிராபிக்ஸுக்கும் இடம் கொடுக்க வேண்டியிருந்ததால் அதன் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) வெறும் 4 எம்பி. தேடும் தகவல் கேஷில் இல்லாதபோதெல்லாம் பிராசசர் ரேம் வரை போய்க் காத்திருக்க வேண்டியிருப்பதால்தான் கூட்டம் கூடும் இடத்தில் படம் நின்று நின்று வருகிறது. பிராசசருக்கும் கார்டுக்கும் இடையே தகவல் செல்லும் பிசிஐ பாதையும் இதில் 16-க்குப் பதிலாக எட்டுதான், ஆனால் இந்தக் கார்டுக்கு அது பெரிய குறையன்று.

இரண்டாம் பதில்

மேலே சொன்ன அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

பிராசசர் பயன்பாடு 60 சதவீதம்தான் காட்டுகிறது, ஆகவே தடை அதில் இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண் எல்லாத் திரெட்டுகளின் சராசரி. விளையாட்டின் முக்கியத் திரெட் ஒன்று மட்டும் மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருக்க, மற்றவை சும்மா இருந்தாலும் சராசரி குறைவாகத்தான் தெரியும். கார்டின் பயன்பாடு 95-க்குக் கீழே இருந்து, ஃபிரேமுக்கு வரம்பு எதையும் நீங்கள் வைக்காமலும் இருந்தால், பிராசசர் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிராசசர், கார்டு இரண்டின் பெயர்களைக் கொடுத்தால் ‘பாட்டில்நெக் (தடை) இத்தனை சதவீதம்’ என்று சொல்லும் இணையக் கணிப்பான்களை நம்பிப் பணம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஜோடி கவுன்டர் ஸ்ட்ரைக்கில் பிராசசரால் தடைபடும், கனமான விளையாட்டை 4கே-யில் ஓட்டும்போது கார்டால் தடைபடும். விளையாட்டு எது, ரெசல்யூஷன் என்ன, எத்தனை ஃபிரேம் வேண்டும் என்று தெரியாமல் ஒற்றை எண் சொல்வதில் பொருளே இல்லை. பழைய பிராசசரை மாற்றும் எண்ணமே இல்லாதவர்கள் கார்டு வாங்கும்போது இன்னொன்றையும் கருத வேண்டும். டைரக்ட்எக்ஸ் 12 (விண்டோஸின் கிராபிக்ஸ் மென்பொருள் தளம்) விளையாட்டுகள் பலவற்றில் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் டிரைவர் ஏஎம்டியின் ரேடியான் டிரைவரைவிடப் பிராசசருக்குச் சற்று அதிக வேலை கொடுக்கிறது.

கேட்டவர்

ரேமை மாற்றிச் செருகி 2933-இல் ஓட விட்டதில் அதே இடத்தில் 38 என்பது 45 ஆனது. செலவில்லாமல் கிடைத்ததற்கு மகிழ்ச்சிதான், ஆனால் திணறல் முழுமையாகப் போகவில்லை. பிராசசரை மாற்றுவதென்றால் மதர்போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

முதல் பதிலளித்தவர்

வேண்டாம். உங்கள் பி450 போர்டிலேயே ரைசன் 5 5600 உட்காரும். ஆறு கோர், 12 திரெட், 32 எம்பி எல்3 கேஷ், அதே 65 வாட். விலை குறைவு என்று 5500-ஐ எடுக்காதீர்கள், அதில் கேஷ் பாதிதான். 96 எம்பி கேஷ் உள்ள 5700எக்ஸ்3டி மிக நல்ல பிராசசர் என்றாலும், 3060-க்கும் 75 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கும் அது வீண்செலவு.

வரிசை மாறாமல் செய்யுங்கள். 5600-ஐ ஏற்கும் பயாஸ் பதிப்பு எது என்று போர்டு நிறுவனத்தின் தளத்தில் பார்த்து, பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே, யுபிஎஸ் இணைப்பில் வைத்துப் பயாஸைப் புதுப்பியுங்கள். முதலில் பிராசசரை மாற்றிவிட்டால் திரையே வராது. பிறகு கூலரைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் விளையாடிக் கணினியைச் சூடாக்கி, அணைத்து, மின்இணைப்பை நீக்கிவிடுங்கள். பிராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசியிருக்கும், ஆண்டுக்கணக்கில் இறுகிப்போன பேஸ்ட் குளிர்ந்திருக்கும்போது கூலரை நேரே மேலே இழுத்தால், லீவர் பூட்டியிருந்தாலும் பிராசசர் அதோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அடியிலுள்ள பின்கள் வளைந்துவிடும். திருகுகளைக் கழற்றிய பின், கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி தளர்ந்ததை விரலில் உணர்ந்த பிறகே தூக்குங்கள்.

கேட்டவர்

நேற்று மாலை மாற்றி முடித்தேன். கூலரை நான்கைந்து முறை மெல்லத் திருகிய பிறகு ‘டக்’ என்று விட்டது. பிராசசர் சாக்கெட்டிலேயே பத்திரமாக இருந்தது. சந்தையில் அதே இடத்தில் நின்று பார்த்தேன்: ‘ஹை’ செட்டிங்கில் 66 ஃபிரேம், கார்டின் பயன்பாடு 97 சதவீதம். ‘லோ’வுக்கு மாற்றினால் இப்போது ஃபிரேம் உடனே ஏறுகிறது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் நண்பனுக்கு நிகராக 200-ஐத் தாண்டிவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. இதுவரை 60 டிகிரியைத் தாண்டாத கார்டு இப்போது 73 வரை போகிறது, அதன் விசிறிச் சத்தமும் முதல்முறையாகக் காதில் விழுகிறது. இதனால் ஏதேனும் கெடுதல் உண்டா?

முதல் பதிலளித்தவர்

ஒரு கெடுதலும் இல்லை, தம்பி. 73 டிகிரி இந்தக் கார்டுக்குச் சாதாரண வெப்பம்தான். இத்தனை நாள் பாதி வேலைதான் செய்தது, இப்போதுதான் முழு வேலை செய்கிறது. சத்தம் தொந்தரவாக இருந்தால் ஃபிரேம் வரம்பை 75-இல் வைத்துவிடுங்கள், மானிட்டர் காட்டுவதும் அவ்வளவுதான். கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு மட்டும் வரம்பை எடுத்துவிடுங்கள், அதில் மவுஸை அசைத்தவுடன் திரை அசையும் வேகத்தில் வித்தியாசம் தெரியும்.